அண்ணன் கடைசியாக ஓட்டிய வண்டி

இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் எங்கள் வீட்டின் வணக்கம். அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓர் ஆண்டு நிறைகிறது. ஒரு படம், இரண்டு பதிகம், குடும்பத்தார் பெயர்கள், இவ்வளவு போதும் என்றுதான் முதலில் பேசினோம். நான்தான் ஒரு பக்கம் கேட்டு வாங்கினேன். எழுத உட்கார்ந்த பிறகு அது ஒரு பக்கத்தில் நிற்கவில்லை. ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவள் என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் படாளத்தில் பிறந்தார். அப்பாவும் அம்மாவும் அப்போது அடுத்தவர் நிலத்தில் கரும்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணனுக்குப் பிறகு பிறந்த இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. அதனால் அண்ணனுக்கு மீசை அரும்பும் வயதில் பிறந்த தங்கை நான். அதற்குள் அப்பாவுக்குச் செங்கல்பட்டில் ஓர் அலுவலகத்தில் காவல் வேலை கிடைத்து, குடும்பம் இங்கே வந்துவிட்டது. நான் நடக்கப் பழகும் முன்பே அப்பா காலமானார். பத்தாவது எழுதி முடித்திருந்த அண்ணன் மறுமாதமே லாரியில் கிளீனராக ஏறினார். கணக்கில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவர். மேலே படித்திருக்கலாமே என்று யாராவது சொன்னால், "படிக்கிற ஆளு பின்னாடி வருது, அது படிக்கும்" என்று என்னைக் காட்டுவாராம். எனக்கு அப்போது பல் கூட முளைக்கவில்லை.

கிளீனராக இருந்து லைசென்ஸ் வாங்கி, லாரி ஓட்டி, பிறகு மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டினார். அங்கே ஸ்டாண்டில் அவருக்கு ‘அம்பது’ என்று பெயர். வேகம் காட்டும் முள் ஐம்பதைத் தாண்டாது. "அம்பது கெளம்பிட்டான்டா, நாளைக்குப் போற பிளேனுக்கு இன்னிக்கே கெளம்பிட்டான்" என்று மற்ற டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே பின்சீட்டை உதறுவார். வேனில் யாரும் வாந்தி எடுத்ததில்லை என்பது அவருடைய பெருமை. என்னைப் பள்ளியில் சேர்த்தது, என் படிப்புக்காகத் தன் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டது, அம்மாவின் கண்ணுக்கு ஆபரேஷன் செய்தது எல்லாம் அந்த ஐம்பதிலேயே ஓடிய வண்டியில்தான்.

இனி எழுதப்போவதை இந்த மலரில் எழுதலாமா என்று வீட்டில் பேச்சு வந்தது. அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, முழுவதையும் படித்துவிட்டு, "எழுது. நான் பேசனதையும் சேத்து எழுது, வுட்டுடாத" என்றார். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மழைக்காலம். பயணிகளை விமான நிலையத்தில் விட்டுவிட்டு அண்ணன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலி வேனோடு திரும்பிக்கொண்டிருந்தார். பொழுது சாயும் நேரம், நல்ல மழை. திருவிடந்தை அருகே பக்கத்துச் சந்திலிருந்து ஒருவர் சைக்கிளில், பின்னால் வலை மூட்டையோடு, சாலையைக் குறுக்கே கடந்தார். அண்ணன் பிரேக் போட்டார். ஈரத்தில் வண்டி இழுத்துக்கொண்டு போய் இடித்துவிட்டது.

அவரை அண்ணனே தூக்கிப் பின்சீட்டில் படுக்கவைத்து, திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டி வந்தார். திருப்போரூர் வரை பின்னாலிருந்து மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம். ஊரைத் தாண்டியபோது சத்தம் நின்றுவிட்டது. மீதித் தூரம் முழுவதும் அந்தச் சத்தமில்லாத வண்டியை அண்ணன் தனியாக ஓட்டி வந்திருக்கிறார். ஐம்பதைத் தாண்டி ஓட்டியது வாழ்க்கையிலேயே அன்று ஒருநாள்தான் என்று பின்னால் ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசியதில்லை.

வழக்கு நடந்தது. சில வருடம் இழுத்து, அவர்மேல் தவறில்லை என்று முடிந்தது. ஆனால் அந்த மாலைக்குப் பிறகு அண்ணன் ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. பஸ்ஸில் ஏறினாலும் கடைசி வரிசைக்குப் போய்விடுவார், சாலை கண்ணில் படக்கூடாது. ஓட்டிப் பிழைத்த ஆள், ஓட்டாமல் எப்படிப் பிழைப்பது? நல்ல நல்ல வேலைகள் தேடி வந்தன. வேண்டாம் என்றார். தள்ளிப் போட்டிருந்த கல்யாணம் அப்படியே நின்றுபோனது. பெண் வீட்டார் வந்து, பையன் டிரைவர் என்றார்கள், வண்டி எங்கே என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் தண்ணீர் மோட்டாரையும் ஜெனரேட்டரையும் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தார். வீட்டில் எங்கள் எல்லோருக்கும் ஒரே கேள்விதான். அண்ணன் மறுபடி ஓட்டுவாரா? அம்மா அதை மட்டும் வைத்துக்கொண்டு கோயில் கோயிலாகப் போனார்.

அந்த லாட்ஜில் பழைய சாமான் அறையைக் காலி செய்தபோதுதான் அந்த ரிமோட் கார் கிடைத்தது. ஏதோ ஒரு வெளிநாட்டுக் குடும்பம் பல வருடம் முன்பு விட்டுப் போனது. காயலான் கடைக்குப் போட இருந்ததை முதலாளியிடம் கேட்டு வாங்கி, கோணிப்பையில் சுற்றி எனக்காகக் கொண்டுவந்தார். நான் அப்போது ஒன்பதாவது முடித்திருந்தேன். ரேடியோ, சர்க்யூட் என்று கிடைத்ததையெல்லாம் பிரித்துப்போடுகிற வயது.

எங்கள் கடைகளில் விற்கிற ரிமோட் கார் மாதிரி இல்லை அது. முழங்கை நீளம். சிவப்பு உடம்பு. சக்கரம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்பிரிங். ரிமோட்டும் ஒரு சின்ன அரிசி டப்பா அளவு, இழுத்தால் என் உயரத்துக்கு நீளும் ஏரியல். அந்தக் கார் வயதில் என்னைவிடக் கொஞ்சம் மூத்ததாக இருக்க வேண்டும். டயர்கள் வெடித்துக் காய்ந்த கத்திரிக்காய் போலிருந்தன. ரிமோட்டைத் திறந்தால் உள்ளே செல்கள் கசிந்து, தகடெல்லாம் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை என்று அம்மா இன்றும் சொல்வார்.

மோட்டார் அண்ணன் பக்கம், ரேடியோ என் பக்கம் என்று பிரித்துக்கொண்டோம். பூத்த தகடுகளை எலுமிச்சைச் சாறும் பழைய பல் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்தோம். மோட்டாருக்கு மின்சாரம் கடத்துகிற கார்பன் துண்டு தேய்ந்து ஒன்றுமே இல்லை. அண்ணன் மிக்ஸிக்குப் போடுகிற கார்பன் வாங்கி வந்து, அதை அரத்தில் தேய்த்துத் தேய்த்து அளவுக்குக் கொண்டுவந்தார். டயருக்குச் சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினார். என் பக்கம் எளிதில் முடியவில்லை. ரிமோட்டில் ஒன்று, காரில் ஒன்று என்று இரண்டு கிரிஸ்டல் இருக்கும், கட்டைவிரல் நகம் அளவு தகர டப்பி. ரிமோட்டில் இருந்தது உடைந்துபோயிருந்தது. இரண்டும் ஒன்றாகத்தானே இருக்கும் என்று காரில் இருந்ததைப் பார்த்து அதே எண்ணில் ஒன்று வாங்கிப் போட்டேன். கார் அசையவே இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு குறிப்பிட்ட இடைவெளி இருக்க வேண்டும், அப்போதுதான் ஒன்றின் குரல் மற்றதற்குக் கேட்கும் என்று ஒரு புத்தகத்தில் தேடிப் பிடித்து, சென்னையில் இரண்டு நாள் அலைந்து சரியானதை வாங்கினேன். இதையெல்லாம் நினைவு மலரில் ஏன் எழுதுகிறாய் என்று கேட்காதீர்கள். அண்ணன் அந்த வருடங்களில் சிரித்தது இதற்கு மட்டும்தான்.

மீதி இருந்தது மின்சாரம். காரோடு வந்த பேட்டரி செத்துப்போயிருந்தது, அந்த மாதிரி இங்கே எங்கும் கிடைக்கவில்லை. எமர்ஜென்ஸி லைட்டில் இருக்கிற பேட்டரியை ஏற்றினோம். கனம் தாங்காமல் பின்பக்கம் தரையோடு உட்கார்ந்துகொண்டது. கார்ட்லெஸ் போன் செல்களைச் சேர்த்துக் கட்டினோம். ஒரு தெருமுனை போய் மூச்சு வாங்கி நின்றது. பிறகு வெளிநாட்டுக்காரர்கள் கேமராவுக்குப் போடுகிற, திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றும் பென்சில் செல்கள் வந்தன. லாட்ஜ் அறைகளில் அவர்கள் மறந்துவிட்டுப் போகிறவற்றை, திரும்பக் கேட்டு வருகிறார்களா என்று அடுத்த சீசன் வரை காத்திருந்து, வராதவர்களுடையதை மட்டும் அண்ணன் எடுத்து வருவார். ஆறு செல்லை வரிசையாகப் பற்றவைத்து, ஒரு பல்பை நடுவில் போட்டு மெதுவாக சார்ஜ் ஏற்றினோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தெருவில் அது ஓடியது. தெரு நாய்கள் எல்லாம் ஓடின.

ஓட்டியது நான். ரிமோட்டை அண்ணனிடம் நீட்டினேன், வாங்கவில்லை. "நீ ஓட்டு பாப்பா. நான் சத்தம் கேக்கறேன்" என்றார். கார் ஓடும்போது அவர் சுவரைப் பார்த்து நிற்பார். சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரம் உரசுகிறது, கார்பன் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் சார்ஜ் தீர்ந்து அந்தச் சத்தம் சட்டென்று நின்றால் அவர் தோள் ஒருமுறை குலுங்கும். திரும்பிப் பார்ப்பார். அதன் பிறகு இன்னும் நல்ல செல், இன்னும் கொஞ்ச நேரம் ஓடுகிற மாதிரி என்று தேடத் தொடங்குவார். பத்து நிமிடம் ஓடினால் போதுமே என்று நான் சொல்வேன். அவருக்குப் போதாது.

இந்த விஷயம்தான் மாமாவைத் தவறான நம்பிக்கைக்குக் கொண்டுபோனது. அண்ணன் கையில் ஸ்பேனரும் கார்பனுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "அவ்ளோதான்க்கா, பையன் கை வண்டிக்குத் திரும்பிடுச்சி. நல்ல நாளா பாத்து ஒக்கார வெச்சிட்டா போதும்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மாவுக்கும் அது சாமியே சொன்ன மாதிரி இருந்தது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் மாமா ஒரு பழைய வேனை வாங்கி, பெயின்ட் அடித்து, வாழைக்கன்று கட்டி எங்கள் தெருவில் கொண்டுவந்து நிறுத்தினார். அண்ணனிடம் யாரும் சொல்லவில்லை.

மறுநாள் தெருவே கூடியிருந்தது. சந்தனம், குங்குமம், பொரி, நான்கு சக்கரத்துக்கும் அடியில் எலுமிச்சம்பழம். நம்மிடம் உள்ள வழக்கம் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பழத்தின்மேல் ஏறிய வண்டி முன்னால்தான் போக வேண்டும். நசுக்காமல் நின்றாலோ பின்னால் வந்தாலோ ஆகாது. பூசணிக்காயைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்க, எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அம்மா கையைப் பிடித்ததால் அண்ணன் ஏறி உட்கார்ந்தார். வண்டியை ஸ்டார்ட் செய்தார். கியரைப் போட்டார். கிளட்சிலிருந்து கால் எழவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. கற்பூரம் அணைந்தது, மறுபடி ஏற்றினார்கள், அதுவும் அணைந்தது. புதுச்சட்டை முதுகோடு ஒட்டிப்போயிற்று. பிறகு சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்திவிட்டு, கீழே இறங்கி, யாரையும் பார்க்காமல் வீட்டுக்குள் போனார்.

மாமா வாசலில் நின்று கத்தினார். "பொம்ம காரு வெச்சிகினு வெளாடத் தெரிதுல்ல? நெஜ வண்டின்னா கால் நடுங்குதா? செத்தவன் போய்ட்டான்யா, நீ இன்னாத்துக்குக் கூடவே போய்கினு கீற?"

அன்று சாயங்காலம் அண்ணன் ரிமோட் காரை அதே கோணிப்பையில் சுற்றிப் பரண்மேல் போட்டார். வேனை வேறு ஆள் வைத்து மாமா ஓட்டினார். இரண்டு வருடம் மாமா எங்கள் வீட்டு வாசற்படி ஏறவில்லை. நல்ல நாள் பார்த்து உட்காரவைத்தால் சரியாகிவிடும் என்று எங்கள் ஆட்கள்தான் நினைப்பார்கள். அண்ணன் கிளட்சை விடாமல் உட்கார்ந்திருந்தது பயத்தால் மட்டும் அல்ல. வண்டி முன்னால் போனால் சக்கரத்துக்கு அடியில் ஏதோ நசுங்கப் போகிறது என்று அவருக்குத் தெரியும். பழம்தான். ஆனாலும் நசுங்கும். இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

நான் கல்லூரியில் சேர்ந்த வருடம் அண்ணனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயம் பெரிதாகிவிட்டது, பலமில்லை, மாடிப்படி ஏறக்கூடாது என்றார்கள். லாட்ஜ் வேலையை விட்டு வீட்டோடு இருந்தார். கால் வீங்கும், வடியும், மறுபடி வீங்கும். இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்குவார். ஒருநாள் நான் கல்லூரியிலிருந்து வந்ததும், "அந்தக் கார எறக்கு பாப்பா. உள்ள செல்லு ஊத்திகினு கெடக்கப் போவுது" என்றார். இறக்கினேன். ஊற்றியிருக்கவில்லை. இரண்டு செல் மட்டும் போயிருந்தது, மாற்றினோம். மறுபடி நான் ஓட்டினேன், அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

இப்போது திருவிடந்தை அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அன்று சைக்கிளில் வந்தவருடைய மனைவி. ஒவ்வொரு வருடமும் அவருடைய திதி நாளில் அண்ணன் ஒரு சிப்பம் அரிசியோடு அங்கே போவார். முதல் வருடம் அக்கா கதவைத் திறக்கவில்லை. அடுத்த வருடம் அரிசியை உள்ளே எடுத்துவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். அதற்கடுத்த வருடம் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார். அவ்வளவுதான் அவர்களுக்குள் பேச்சு. அண்ணனுக்கு உடம்பு முடியாமல் போன பிறகு, அவர் போன கடைசித் திதிக்கு நானும் கூடப் போனேன். அங்கிருந்து மாமல்லபுரம் போய் லாட்ஜில் பழகியவர்களுக்கு ரிமோட் காரைக் காட்டிவிட்டு வரலாம் என்று அதையும் பையில் எடுத்துக்கொண்டேன்.

அக்கா வாசலில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். வீட்டுக்கு முன்னால் சவுக்குத் தோப்பு வரை நேராக ஒரு மண்பாதை, மழை பெய்து இறுகியிருந்தது. அண்ணன் மூச்சு வாங்க நிற்பதைப் பார்த்து ஒரு முக்காலியைத் தள்ளினார். பிறகு என் பையைப் பார்த்து அது என்ன என்று கேட்டார். ஓடுகிற கார் என்றேன், எடுத்துக் காட்டினேன், ஓட்டிக் காட்டட்டுமா என்று ரிமோட்டில் ஏரியலை இழுத்தேன்.

"நீ இரும்மா" என்றார் அக்கா. அண்ணனைப் பார்த்தார். "இது நீ செஞ்சதா?"

"நானும் தங்கச்சியும்க்கா."

"அப்ப நீ ஓட்டு."

"நான் ஓட்றதில்லக்கா."

"தெரியும். உங்க மாமன் வந்துட்டுப் போனாரு. பூஜ அன்னிக்கு நடந்ததெல்லாம் சொன்னாரு. ஒரு வார்த்த நீ சொல்லும்மா, பையன் கெடக்கறான்னு அழுதாரு."

மாமா அங்கே போனது எங்கள் யாருக்கும் தெரியாது. அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அக்கா அருவாமனையை மடக்கி வைத்துவிட்டு, கையைத் தண்ணீரில் அலசி, எழுந்து போய்ப் பாதை நடுவில் நின்றார்.

"இங்க நிக்கறேன் பாரு. ஓட்டு."

அண்ணன் என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினார். கார் ஒரு துள்ளு துள்ளி நின்றது. மறுபடி கொஞ்சம் நகர்ந்தது. இவ்வளவு மெதுவாக அதை யாராலும் ஓட்ட முடியாது என்று நான் நினைத்திருந்தேன்.

"இன்னாய்யா இது, நத்தைங்க கூட முந்திகினு பூடும் போல கீதே" என்றார் அக்கா.

கார் ஊர்ந்து போய், அவர் காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. அக்கா நகரவில்லை. காரையும் பார்க்கவில்லை.

"அன்னிக்கு நிறுத்தப் பாத்தியா?"

"பாத்தேன்க்கா. பிரேக்கு புடிச்சேன். மழையில இழுத்துகினு பூட்ச்சி."

"வண்டில வர்றச்சே அவரு பேசனாரா?"

அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. நான் தண்ணீர் எடுக்கப் போனேன், கையால் தடுத்துவிட்டார்.

"பேசனாருக்கா. உங்க பேர சொன்னாரு. அப்பறம் சைக்கிள் எங்கன்னு கேட்டாரு. வண்டி மேல ஏத்தி வெச்சிருக்கேன்னு சொன்னேன்."

"வெச்சியா?"

"இல்லக்கா. அங்கியே போட்டுட்டு வந்தேன்."

அக்கா தோப்புப் பக்கம் திரும்பினார். அழவில்லை. முந்தானையால் வாயை மட்டும் துடைத்துக்கொண்டார்.

"ஏத்தி வெச்சிருக்கேன்னு சொன்னல்ல? அது போதும். அவருக்கு அந்த சைக்கிளு மேலயே உசிரு." பிறகு கீழே காரைப் பார்த்தார். "இன்னும் இன்னாத்துக்கு நின்னுகினு கீது? என்ன சுத்திகினு போ."

அண்ணன் அவரைச் சுற்றிக்கொண்டு ஓட்டினார். தோப்பு வரை போய்த் திரும்பி, மறுபடி அவரைச் சுற்றி, மறுபடி தோப்புக்கு. நடுவில் ஒரு கோழி குறுக்கே வந்தது, நிறுத்தி அது போகும்வரை காத்திருந்து எடுத்தார். எப்போதும் சுவரைப் பார்த்து நிற்பவர் அன்று காரைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அக்கா திரும்பி வந்து மீனைக் கையில் எடுத்துக்கொண்டார். கடைசியில் சார்ஜ் தீர்ந்து கார் தோப்பு ஓரத்தில் நின்றது. சத்தம் நின்றது. நான் அவர் தோளைத்தான் பார்த்தேன். அது அசையவில்லை. மெதுவாக நடந்து போய்க் காரைக் கையில் எடுத்து, ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

மாமல்லபுரம் போகவில்லை. திரும்பும் பஸ்ஸில் அண்ணன் டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தார். திருப்போரூர் தாண்டும்போது கண்ணை மூடவில்லை. செங்கல்பட்டு நெருங்கும்போது, "மாமா கிட்ட சொல்லு பாப்பா. வர்ற பூஜைக்கு நான் ஒக்காந்து எடுக்கறேன். பழம் மட்டும் வேணாம்னு சொல்லு" என்றார்.

நான் போய்ச் சொன்னதும் மாமா அன்றே வீட்டுக்கு வந்தார். இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். ஆடியில் அண்ணனுக்கு வீக்கம் வயிறு வரை ஏறியது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கட்டிலில் கூட வலதுகால் கிளட்ச் மிதிப்பது போல நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று மாமா கேட்டதற்கு, "கிளட்சு எடது கால் மாமா. இத்தினி வருசம் வேன் வெச்சிகினு இது தெரில" என்றார். அவர் எங்களோடு செய்த கடைசி கேலி அதுதான். பூஜை வரும் முன்பே, ஆவணியில் ஒரு காலைப்பொழுதில் மூச்சு நின்றுவிட்டது. மாமாவின் வேன் அந்த வருடம் ஆயுத பூஜைக்கு வெளியே எடுக்கப்படவில்லை.

ஆஸ்பத்திரி வார்டில் இரவும் பகலும் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், என் பரீட்சை நாட்களில் அண்ணனோடு மாறி மாறி இருந்த கல்லூரித் தோழிகளுக்கும், மாமல்லபுரம் ஸ்டாண்டிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்து அண்ணனைச் சுமந்த டிரைவர் அண்ணன்களுக்கும், சுடுகாட்டுச் செலவை எங்கள் காதுக்கு வராமல் பார்த்துக்கொண்ட தெருவாருக்கும், அம்மாவை இந்த ஒரு வருடம் தனியாக விடாத மாமாவுக்கும் மாமிக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டவர்கள்.

இன்னொருவர் இருக்கிறார். நன்றி என்ற சொல்லை அவரிடம் சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை. அண்ணனைக் கிடத்தியிருந்த அன்று மத்தியானம், யாரும் சொல்லி அனுப்பாமல், இரண்டு பஸ் மாறி வந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தவர். இவர் யார் என்று உங்களில் பலர் என்னைக் கேட்டீர்கள். அழுகிற வீட்டில் என்னால் சொல்ல முடியவில்லை. அப்போது ஒரு பெரியம்மா, அவர் மனசார ஆற்றாமையில்தான் சொன்னார், "பாவம், வண்டியத் தொடவே பயந்துகினு போய் சேந்துட்டான்" என்று. கூடத்தில் எல்லோரும் தலையாட்டினீர்கள்.

திருவிடந்தை அக்கா நிமிர்ந்து பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"யாரு சொன்னது? ஓட்டனான். எதுர்ல நான் நின்னேன்."